பதில்: அம்மாவின் முதுகுவலிக்குக் கடினமான மெத்தையா?

சகோதரி, பால்மரம் (ரப்பர் மரம்) சீவி முதுகு நொந்த அம்மாவுக்குப் பலகை போன்ற மெத்தையே நல்லது என்று சுங்கை சிப்புட் கடையில் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அவசரப்படாதீர்கள். 2003-இல் வெளியான ஸ்பெயின் ஆய்வில், நாள்பட்ட கீழ்முதுகுவலி உள்ள 313 பேரிடம் சோதித்தபோது, நடுத்தரக் கடினமுள்ள மெத்தையே வலியைக் கூடுதலாகக் குறைத்தது.

அம்மாவைக் கடைக்கே கூட்டிச் செல்லுங்கள். சும்மா உட்கார்ந்து பார்த்தால் போதாது. தூங்கும் வாக்கில் பத்து நிமிடம் படுக்கட்டும். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். மல்லாந்து படுத்ததும் இடுப்பு வளைவுக்கு அடியில் கையை நுழையுங்கள். தாராளமாகப் போனால் மெத்தை மிகக் கடினம். நுழையவே மறுத்தால் அதிகம் அமுங்குகிறது. ஒருக்களித்துப் படுப்பவரென்றால் தோள் சற்று அமிழ வேண்டும்.

குழிவிழுந்த பழைய இலவம்பஞ்சு மெத்தைமேல் புதியதைப் போடாதீர்கள். கால் மரத்துப்போவதும் உண்டென்றால், முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள்.