செடி வளர்ப்புத் தளம் ஆபீஸில் மட்டும் திடீரென்று திறக்காமல் போவது ஏன்?

ஆபீஸ் இணையத்தில் எந்தத் தளம் திறக்கலாம், எது கூடாது என்று பார்த்து விடுவதுதான் வெப் ஃபில்டர். அது ஒவ்வொரு பக்கத்தையும் படித்துப் பார்த்து முடிவெடுப்பதில்லை. ஃபோர்டிநெட், சிஸ்கோ மாதிரி நிறுவனங்கள் தளங்களை வகை பிரித்துப் பட்டியல் வைத்திருக்கின்றன. ஆபீஸ் ஐடி ஆட்கள் அதில் 'சமூக வலைத்தளம்' போன்ற ஒரு வகையை மொத்தமாக மூடிவிடுவார்கள்.

நான் பார்க்கும் மாடித்தோட்டத் தளத்துக்கும் இதுதான் நடந்தது. தளத்தை நடத்துபவர்கள் நண்பர் கோரிக்கை, சாட், புகைப்பட ஆல்பம் எல்லாம் சேர்த்தார்கள். கொஞ்ச நாளில் 'பொழுதுபோக்கு' வகையிலிருந்து 'சமூக வலைத்தளம்' வகைக்குப் போய்விட்டது. வெண்டைக்குப் பூச்சி மருந்து பார்க்கக்கூட வழியில்லை!

ஏன் முழுத் தளமும் போகிறது? இப்போது பெரும்பாலான தளங்கள் எச்டிடிபிஎஸ், அதாவது தகவலைப் பூட்டி அனுப்பும் முறை. ஒட்டிய கவர் மாதிரி. வெளியே முகவரி தெரியும், உள்ளே கடிதம் தெரியாது. ஃபில்டருக்கும் பொதுவாகத் தளத்தின் பெயர்தான் தெரியும். சாட் பக்கமா, வெண்டைப் பக்கமா என்று தெரியாது. (ஆபீஸ் லேப்டாப்பில் நிறுவனமே தன் டிஜிட்டல் சான்றிதழைப் போட்டிருந்தால் கவரைப் பிரித்தும் பார்க்கலாம்.)

சரி, என்ன செய்யலாம்? ஐடி பிரிவிடம் விலக்கு கேளுங்கள். வகை தவறென்றால் ஃபில்டர் நிறுவனத்திடமே மறுபரிசீலனை கேட்க அவர்கள் தளங்களில் வசதி உண்டு.

இன்காக்னிட்டோவில் திறந்தால் தப்பிக்கலாம் என்று பலர் நம்புகிறார்கள். அது உங்கள் பிரவுசரில் வரலாறு தங்காமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான், போகிற வழி அதே ஆபீஸ் நெட்வொர்க்தான்.