குழாய் போட்டால் திரும்ப மாட்டாரா?

கேள்வி: தாராவியில் குடியிருக்கிறோம், சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். என் தம்பிக்கு வயது 34. ரத்தப் புற்றுநோய், ஏஎம்எல் என்றார்கள். முதல் கீமோ முடிந்து இரண்டாவது வாரம் காய்ச்சல் வந்து நிமோனியாவாகி, இப்போது ஐசியூவில் ஆக்சிஜனில் இருக்கிறான். நன்றாகப் பேசுகிறான். வென்டிலேட்டர் தேவைப்படலாம், கையெழுத்துப் போடுங்கள் என்கிறார்கள். "கேன்சர்காரனுக்குக் குழாய் போட்டால் திரும்ப மாட்டான், மூச்சு இருக்கும்போதே ஊருக்குக் கொண்டு போயிடலாம்" என்கிறார் மாமா. என்ன செய்வது?

பதில்: சகோதரி, இந்த நிலையில் தம்பியை ஆம்புலன்ஸில் ஏற்றாதீர்கள். மும்பையிலிருந்து திருநெல்வேலி 1,500 கிலோமீட்டருக்கும் மேல். இவ்வளவு ஆக்சிஜனில் இருப்பவருக்கு வழியில் மூச்சு திணறினால் காப்பாற்ற ஆளிருக்காது.

மாமாவைக் குறை சொல்ல மாட்டேன். முப்பது, நாற்பது வருடங்களுக்கு முன்பு அவர் சொல்வதுதான் நிலைமை. வென்டிலேட்டர் வரை போன ரத்தப் புற்றுநோயாளிகளில் பெரும்பாலானோர் திரும்பவில்லை. ஐசியூவில் இடம் கொடுக்க டாக்டர்களே தயங்கினார்கள். அந்தப் பயம் குடும்பங்களில் இன்னும் போகவில்லை. ஆனால் கணக்கு மாறிவிட்டது. பிரான்ஸ், பெல்ஜியத்தில் 17 மருத்துவமனைகளின் ஐசியூக்களில் 1,011 ரத்தப் புற்றுநோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2013இல் வெளியிட்டார்கள். அவர்களில் சுமார் 60 சதவீதம் பேர் உயிரோடு வீடு திரும்பினார்கள். ஒரு வருடம் கழித்தும் 43 சதவீதம் பேர் இருந்தார்கள். வென்டிலேட்டர் வைத்தவர்களை மட்டும் தனியாகப் பார்த்தால் பிழைத்தவர்கள் இதைவிடக் குறைவுதான். மருந்துக்கு அடங்காத கிருமிகள் நம் நாட்டில் அதிகம் என்பதால், அந்த எண்ணை அப்படியே இங்கே பொருத்தவும் முடியாது. ஆனாலும் "திரும்பவே மாட்டான்" என்ற பேச்சுக்கு இன்று இடமில்லை.

எது முடிவு செய்கிறது என்று கேட்டால், எத்தனை உறுப்புகள் தடுமாறுகின்றன என்பதைத்தான் முதலில் சொல்வேன். நுரையீரல் மட்டுமா? பிரஷர் இறங்காமல் இருக்க மருந்து ஓடுகிறதா? மூத்திரம் போகிறதா? மஞ்சள் காமாலை உண்டா? நினைவு தெளிவாக இருக்கிறதா? நுரையீரல் மட்டும் என்றால் போராட நிறைய இடமிருக்கிறது. நான்கு உறுப்புகள் சேர்ந்து சரிந்தால் நிலைமையே வேறு. அடுத்தது, நிமோனியாவுக்குக் காரணம் பிடிபட்டதா என்பது. பாக்டீரியாவா, பூஞ்சையா, டிபியா என்று தெரிந்தால் சரியான மருந்து போகும். தெரியாமலே போனால் கஷ்டம்.

தம்பி விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. அவருக்கு இப்போது வெள்ளணு கவுன்ட் அடிமட்டத்தில் இருக்கும். முதல் கீமோவுக்குப் பிறகு மூன்றிலிருந்து நான்கு வாரத்தில் அது பொதுவாக மேலே வரும். அதாவது கிருமியோடு சண்டை போட அவருடைய சொந்தப் படை வந்துகொண்டிருக்கிறது, அதுவரை அவரைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். மாட்டுங்காவிலிருந்து வந்த ஒரு அம்மாவை இப்படித்தான் தாங்கினோம். குழாய் போட்டு எட்டாவது நாள் காலை லேப் ஸ்லிப்பில் கவுன்ட் 100இலிருந்து 600 ஆகியிருந்தது. அதற்கு முந்தின ராத்திரியே கட்டிலில் தொங்கும் பையில் மூத்திரம் சேர ஆரம்பித்ததை நர்ஸ் கவனித்துச் சொன்னார். பதினோராவது நாள் குழாயை எடுத்தோம். கவுன்ட் ஏறும் அதே நாட்களில் சிலருக்கு நுரையீரல் கொஞ்சம் மோசமாவதும் உண்டு, அதைப் பார்த்துக் கலங்கிவிடாதீர்கள்.

குழாய் போடத்தான் வேண்டும் என்றால் காலம் தாழ்த்தாமல் போடுவது நல்லது. மாஸ்க்கிலேயே ஓட்டலாம் என்று இழுத்து, கடைசி நிமிடத்தில் அவசரமாகப் போட்டால் ஆபத்து கூடுகிறது. ஆகவே டாக்டரிடம் இப்படிப் பேசுங்கள்: "எல்லா வைத்தியமும் முழுசா கொடுங்க. நாலஞ்சு நாள் கழிச்சு உறுப்புகள் எப்படி இருக்குன்னு எங்களோட உட்கார்ந்து பேசுங்க." உலகம் முழுக்க ஐசியூக்களில் கடைப்பிடிக்கும் முறைதான் இது. முதல் நாளிலேயே யார் பிழைப்பார் என்று எங்களாலும் சொல்ல முடியாது. அந்த சில நாட்களில் உறுப்புகள் மீள்கின்றனவா, ஒவ்வொன்றாகச் சேர்ந்து கெடுகின்றனவா என்பது நிறையச் சொல்லிவிடும்.

வைத்தால் எடுக்கவே முடியாதோ என்ற பயமும் மாமாவுக்கு இருக்கலாம். பலனில்லை என்று தெளிவான பிறகு, மருத்துவக் குழுக்களின் ஒப்புதலோடும் குடும்பத்தின் சம்மதத்தோடும் உயிர்காக்கும் சிகிச்சையை விலக்கிக்கொள்ள உச்ச நீதிமன்றம் 2018இல் வழிசெய்தது, 2023இல் அந்த நடைமுறையை எளிதாக்கியது. பல சுற்று கீமோவுக்கும் அடங்காத நோய் என்றால், நானே வலியில்லாமல் பார்த்துக்கொள்வதைப் பற்றித்தான் முதலில் பேசியிருப்பேன். உங்கள் தம்பிக்கு இது முதல் கீமோ. இந்த வயதில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு அதிலேயே நோய் அடங்குகிறது. அந்த வாய்ப்பைப் பார்க்காமலே ஊருக்குக் கொண்டுபோவதை என் மனசு ஒப்பவில்லை.

பணத்துக்கு இன்றே ஆஸ்பத்திரியின் சமூக சேவகரைப் பாருங்கள். ரேஷன் கார்டும் ஆதாரும் கையில் இருக்கட்டும். மஹாராஷ்டிராவின் மகாத்மா ஜோதிராவ் புலே காப்பீட்டில் என்ன கிடைக்கும் என்று கேளுங்கள். பிளேட்லெட் கொடுக்க ஆட்களைத் தயாராக வையுங்கள். உள்ளே போகும் ஒவ்வொருவரும் கையைச் சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். சளி இருப்பவர் வாசலோடு நிற்கட்டும்.

உங்கள் கடிதத்தில் மாமாவின் கருத்து இருக்கிறது, டாக்டரின் கருத்து இருக்கிறது, தம்பியின் கருத்து மட்டும் இல்லை. குழாய் போட்ட பிறகு அவரால் பேச முடியாது. இன்று பேசுகிறார். பார்வை நேரத்தில் நீங்கள் மட்டும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, மிஷின் வைக்க வேண்டி வரலாம் என்பதைச் சொல்லி, "உனக்கு என்னடா வேணும்?" என்று கேளுங்கள். அவர் சொல்வதை டாக்டரிடம் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.