இயந்திரம் சொன்னதற்கு நிறுவனம் பொறுப்பா?

செயற்கை நுண்ணறிவை (ஏஐ) தொழிலில் பயன்படுத்துவது குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு எங்கள் சட்டப் பகுதி வழக்கறிஞர் இங்கே பதிலளிக்கிறார்.

கேள்வி: எங்கள் இணையதளத்தில் வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்ல ஒரு சாட்பாட் வைத்திருக்கிறோம். பொருளை 60 நாள்களுக்குள் திருப்பித் தரலாம் என்று அது ஒருவரிடம் சொல்லிவிட்டது. எங்கள் விதிப்படி 15 நாள்கள்தான். அவர் இப்போது பணத்தைத் திருப்பிக் கேட்கிறார். 'பதில்களில் பிழை இருக்கலாம்' என்று அறிவிப்புப் போட்டிருக்கிறோமே, அது போதாதா? மென்பொருளை விற்றவரிடம் இழப்பைக் கேட்கலாமா?

பதில்: போதாது என்றே கருதுகிறேன். ஏறத்தாழ இதே பிரச்சினை கனடாவில் வழக்காகியிருக்கிறது. குடும்பத்தில் இறப்பு நேர்ந்ததால் அவசரமாகப் பயணம் செய்த ஒருவரிடம், ஏர் கனடா நிறுவனத்தின் சாட்பாட், பயணச்சீட்டை இப்போது முழுக் கட்டணத்தில் வாங்கிவிட்டு 90 நாள்களுக்குள் இறப்பு நேர்ந்தோருக்கான கட்டணச் சலுகைக்கு விண்ணப்பிக்கலாம் என்று சொன்னது. உண்மையில் பயணத்துக்குப் பின் அந்தச் சலுகை கிடையாது என்று அதே தளத்தின் வேறொரு பக்கத்தில் எழுதியிருந்தது. சாட்பாட்டின் செயலுக்கு அதுவே பொறுப்பு, தாங்கள் அல்ல என்ற வாதத்தைக்கூட நிறுவனம் முன்வைத்தது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் தீர்ப்பாயம் 2024 பிப்ரவரியில் அதை நிராகரித்தது: தளத்தில் உள்ள எல்லாத் தகவலுக்கும், அது நிலையான பக்கத்தில் இருந்தாலும் சாட்பாட் வாயிலாக வந்தாலும், நிறுவனமே பொறுப்பு, ஒரு பகுதி சொன்னதை இன்னொரு பகுதியில் சரிபார்க்க வேண்டிய கடமை வாடிக்கையாளருக்கு இல்லை. இழப்பீடு 650 கனடிய டாலரைச் சற்றே தாண்டியதுதான் என்றாலும், அந்த வழக்கை இன்று உலகெங்கும் வழக்கறிஞர்கள் எடுத்துக்காட்டுகிறார்கள்.

அது ஒரு சிறு தீர்ப்பாயத்தின் முடிவு. பிற நாட்டு நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆயினும் அதன் அடிப்படை பழையது. கடையில் நிற்கும் பணியாளர் தவறான வாக்குக் கொடுத்தால் முதலாளி தப்ப முடியாது அல்லவா? நீங்கள் போட்டிருக்கும் பொறுப்புத் துறப்பு அறிவிப்பு பயனற்றதென்று சொல்லமாட்டேன். ஆனால் அது வாடிக்கையாளர் கண்ணில் பட்டதா, விலை, தவணை, திருப்பித் தரும் காலம் போன்ற முக்கியமான விஷயங்களுக்கும் அது செல்லுமா என்பதையெல்லாம் நீதிமன்றம் பார்க்கும்.

விற்றவரிடம் கேட்கலாமா என்பதற்கு விடை உங்கள் ஒப்பந்தத்தில் இருக்கிறது. அது உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். இத்தகைய ஒப்பந்தங்களில் பதில்களின் துல்லியத்துக்கு உத்தரவாதம் இல்லை என்று ஒரு பிரிவும், விற்பவரின் மொத்தப் பொறுப்பு கடந்த 12 மாதங்களில் நீங்கள் கட்டிய சந்தாத் தொகையைத் தாண்டாது என்று இன்னொரு பிரிவும் பெரும்பாலும் இருக்கும். அடுத்த முறை புதுப்பிக்கும்போது, தரவுக் கசிவுக்கும் பதிப்புரிமை மீறலுக்கும் அந்த வரம்பு பொருந்தாது என்று எழுதக் கேளுங்கள். சாட்பாட்டை இயக்கும் ஏஐ மாதிரியை மாற்றினால் முன்னறிவிப்புத் தரவேண்டும் என்றும் சேருங்கள். அதுவரை, பணம் தொடர்பான கேள்விகளுக்கு நீங்கள் ஒப்புதல் அளித்த நிலையான வாசகங்களை மட்டும் சாட்பாட் காட்டட்டும். உரையாடல் பதிவுகளைப் பத்திரப்படுத்துங்கள். இந்த வாடிக்கையாளருக்குப் பணத்தைக் கொடுத்துவிடுங்கள். வழக்குச் செலவு அதைவிட அதிகம்.

கேள்வி: ஊழியர்கள் இலவச ஏஐ செயலிகளில் அலுவலக வேலையைச் செய்கிறார்கள். மொத்தமாகத் தடை செய்துவிடலாமா?

பதில்: தடை செய்யலாம், ஆனால் அவர்கள் சொந்தக் கைபேசியில் செய்வார்கள், உங்களுக்குத் தெரியாமல் போகும். ஆபத்து எங்கே இருக்கிறது என்பதைப் பார்க்க ஓர் எடுத்துக்காட்டு: வந்த புகார்க் கடிதத்தை ஊழியர் அப்படியே நகலெடுத்து ஒட்டி, 'இதற்குப் பணிவாகப் பதில் எழுது' என்று கேட்கிறார். அந்தக் கடிதத்தில் பெயர், கைபேசி எண், வங்கி விவரம், சில வேளைகளில் நோய் விவரம்கூட இருக்கும். அந்த நொடியில் வாடிக்கையாளரின் தனிப்பட்ட தரவு, நீங்கள் ஒப்பந்தம் எதுவும் செய்துகொள்ளாத ஒரு மூன்றாம் நிறுவனத்திடம் போய்விடுகிறது. ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதிகளின்படி கடுமையான மீறல்களுக்கு அபராதம் 2 கோடி யூரோ அல்லது உலகளாவிய ஆண்டு விற்றுமுதலில் 4 சதவீதம் வரை, இவற்றில் எது அதிகமோ அதுவரை போகலாம். இந்தியாவின் 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 250 கோடி ரூபாய் வரை விதிக்க இடமளிக்கிறது. வாடிக்கையாளர் தரவு மட்டுமல்ல, வணிக ரகசியமும் இவ்வழியே போகும்: ஊழியர்கள் மூலநிரலைச் சாட்ஜிபிடியில் ஏற்றியது தெரியவந்ததால், சாம்சங் 2023இல் இத்தகைய கருவிகளைக் கட்டுப்படுத்தியது.

எனவே உள்ளிடும் தகவல் ஏஐயைப் பயிற்றுவிக்கப் பயன்படாது என்று எழுத்தில் உறுதி தரும் வணிகப் பதிப்பு ஒன்றை வாங்கிக் கொடுங்கள். எவற்றை ஒருபோதும் உள்ளிடக் கூடாது என்பதை ஒரே பக்கத்தில் எழுதிக் கையொப்பம் பெறுங்கள். இருபது பக்கக் கொள்கை அறிக்கையை எவரும் படிப்பதில்லை.

கேள்வி: விண்ணப்பங்களை வரிசைப்படுத்த ஒரு மென்பொருளைப் பயன்படுத்துகிறோம். பால், வயது எதையும் நாங்கள் கேட்பதில்லை. பாகுபாடு என்ற புகார் எப்படி எழ முடியும்?

பதில்: கேட்காததாலேயே பாகுபாடு இல்லை என்றாகிவிடாது. அமேசான் சோதித்துப் பார்த்த ஆளெடுப்புக் கருவி ஒன்று, பத்தாண்டு காலத் தற்குறிப்புகளைக் கற்றது. அவற்றில் பெரும்பாலானவை ஆண்களுடையவை. பெண்கள் சங்கம், பெண்கள் கல்லூரி போன்ற குறிப்புகள் இருந்த விண்ணப்பங்களுக்கு அது மதிப்பெண்ணைக் குறைத்தது. அத்திட்டம் கைவிடப்பட்டதை 2018இல் செய்திகள் வெளிக்கொணர்ந்தன. படிப்பு முடித்த ஆண்டு வயதைச் சொல்லிவிடும். அஞ்சல் குறியீடு ஒருவர் வாழும் சமூகத்தைச் சொல்லிவிடும்.

இன்னொரு வழக்கு இதைவிடப் பாடம் தருவது. இணையவழிக் கல்வி நிறுவனம் ஒன்றின் மென்பொருள் 55 வயதைத் தொட்ட பெண்களையும் 60 வயதைத் தொட்ட ஆண்களையும் தானாகவே நிராகரித்தது. ஒரு விண்ணப்பதாரர் பிறந்த தேதியை மட்டும் மாற்றி அதே விண்ணப்பத்தை மீண்டும் அனுப்பியபோது நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. அமெரிக்காவின் சமவாய்ப்பு ஆணையம் தொடுத்த வழக்கு 2023இல் 3,65,000 டாலருக்குச் சமரசமாக முடிந்தது. அது செயற்கை நுண்ணறிவே அல்ல, வெறும் வடிகட்டி என்று வாதிடுவோர் உண்டு. சட்டத்துக்கு அந்த வேறுபாடு பொருட்டல்ல, நிராகரிப்புத்தான் பொருட்டு.

அந்த விண்ணப்பதாரர் செய்த சோதனையை நீங்களே முதலில் செய்யுங்கள்: ஒரு விவரத்தை மட்டும் மாற்றி இணை விண்ணப்பங்களை அனுப்பி, மதிப்பெண் மாறுகிறதா என்று பாருங்கள், முடிவுகளைத் தேதியிட்டுக் கோப்பில் வையுங்கள். இறுதி நிராகரிப்பை ஒரு மனிதர் செய்ய வேண்டும். பெயருக்குப் பொத்தானை அழுத்துபவராக அல்லாமல், மாற்றும் அதிகாரமும் அதற்கான நேரமும் உள்ளவராக அவர் இருக்க வேண்டும்.

கேள்வி: ஏஐ வரைந்த எங்கள் இலச்சினைக்குப் பதிப்புரிமை கிடைக்குமா?

பதில்: நாட்டுக்கு நாடு மாறும். மனிதர் படைக்காததற்குப் பதிப்புரிமைப் பதிவு இல்லை என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று 2025 மார்ச்சில் உறுதி செய்தது. கணினி உருவாக்கிய படைப்புக்கும் பிரிட்டனின் 1988ஆம் ஆண்டுச் சட்டம் இடமளிக்கிறது. இலச்சினையைப் பொறுத்தவரை வணிகச் சின்னப் பதிவுதான் உங்களுக்குத் தேவை. அதற்கு முன், அதைப் போன்றது வேறொருவர் பெயரில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

கேள்வி: நாங்கள் சிறு மென்பொருள் நிறுவனம். ஐரோப்பாவில் அலுவலகம் இல்லை, வாடிக்கையாளர்கள் மட்டும் உண்டு. அங்குள்ள புதிய ஏஐ சட்டம் எங்களைத் தொடுமா?

பதில்: தொடும். 2024 ஆகஸ்ட் 1 அன்று நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டம், கருவியை ஐரோப்பிய ஒன்றியச் சந்தையில் விற்பவர் எங்கிருந்தாலும் பொருந்தும். கருவியின் விளைவு அங்கே பயன்படுத்தப்பட்டாலும் பொருந்தும். கடமைகள் படிப்படியாக வருகின்றன. சில பயன்பாடுகள் 2025 பிப்ரவரி 2 முதல் அறவே தடை செய்யப்பட்டுள்ளன. மருத்துவ, பாதுகாப்புக் காரணங்கள் அன்றிப் பணியிடத்தில் ஊழியர்களின் உணர்ச்சிகளைக் கணிப்பது அவற்றுள் ஒன்று. அபராதம் மூன்றரைக் கோடி யூரோ அல்லது விற்றுமுதலில் 7 சதவீதம் வரை. உங்களைப் போன்ற சிறு நிறுவனங்களுக்கு இவற்றில் குறைந்ததே உச்சவரம்பு. முகபாவத்தையோ குரலையோ வைத்து ஊழியர் மனநிலையை அளக்கும் வசதி உங்கள் மென்பொருளில் இருந்தால், ஐரோப்பிய வாடிக்கையாளர்களுக்கு இன்றே அதை நிறுத்துங்கள். மற்ற வசதிகளை எந்த வகையில் சேர்ப்பது என்பதை அங்குள்ள வழக்கறிஞரிடம் கேட்டு முடிவு செய்யலாம்.