பாகற்காய்ச் சாறு குடித்தால் போதுமா?

கேள்வி: எனக்கு வயது 45. பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் இரவு 7 முதல் காலை 7 வரை வேலை. உயரம் 155 சென்டிமீட்டர், எடை 68 கிலோ. அண்மையில் அரசாங்க கிளினிக்கில் இரத்தப் பரிசோதனை செய்தபோது வெறும் வயிற்றுச் சர்க்கரை 6.3 என்றும் எச்பிஏ1சி 6.0 விழுக்காடு என்றும் வந்தது. “இன்னும் இனிப்பு நீர் வரவில்லை, இப்போதைக்கு மருந்து வேண்டாம், உணவைக் கட்டுப்படுத்திவிட்டு ஆறு மாதம் கழித்து வாருங்கள்” என்றார் மருத்துவர். தினமும் பாகற்காய்ச் சாறும் வெந்தயத் தண்ணீரும் குடிக்கச் சொல்கிறார் அம்மா. உடன் வேலை செய்பவர் ஒருவர் மூலிகை மாத்திரை விற்கிறார். சீனிக்குப் பதில் குலா மெலாக்கா போட்டுக்கொள் என்கிறார் இன்னொருவர். இயற்கை முறையிலேயே இதைச் சரிசெய்ய முடியுமா? சோற்றை விட்டுவிட வேண்டுமா? வேலை முடிந்து வரும் வழியில் ரொட்டி சானாயும் தே தாரிக்கும் சாப்பிடுவது வழக்கம்.
(வாசகி, பட்டர்வொர்த்)

பதில்: சகோதரி, சரிசெய்ய நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஆனால் மற்றவர்கள் உங்களுக்குச் சொன்ன நான்கு பொருள்களும் அந்த வேலையைச் செய்யப் போவதில்லை. கடைசி வரியில் போகிற போக்கில் நீங்கள் குறிப்பிட்டிருக்கும் ரொட்டி சானாயிலும் தே தாரிக்கிலும்தான் வழி இருக்கிறது.

முதலில் எண்களைப் பார்ப்போம். எச்பிஏ1சி என்பது கடந்த இரண்டு, மூன்று மாதங்களில் இரத்தத்தில் சர்க்கரை சராசரியாக எந்த அளவில் இருந்தது என்பதைக் காட்டும் அளவீடு. மலேசிய மருத்துவ வழிகாட்டியின்படி 5.7 விழுக்காட்டுக்குக் கீழிருந்தால் இயல்பு, 6.3 அல்லது அதற்கு மேல் என்றால் நீரிழிவு. இரண்டுக்கும் இடைப்பட்டது முன்நீரிழிவு. வெறும் வயிற்றுச் சர்க்கரைக்கு எல்லைகள் வேறு; அங்கே உங்களுடைய 6.3-உம் அதே இடைப்பட்ட நிலையையே காட்டுகிறது. உங்களுக்கு இரத்தச்சோகையோ தலசீமியாவோ இருப்பது தெரிந்திருந்தால், அதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அவை எச்பிஏ1சி அளவைக் கூட்டியோ குறைத்தோ காட்டக்கூடும்.

இந்த நிலையில் இருப்பவர்களுக்கு உணவும் நடையும் எவ்வளவு உதவும் என்பதைச் சென்னையில் நடந்த ஓர் ஆய்வு தெளிவாகவே காட்டியிருக்கிறது. சர்க்கரையைத் தாங்கும் திறன் குறைந்திருந்த 531 பேரை வெவ்வேறு குழுக்களாகப் பிரித்து ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் கவனித்து, 2006-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வழக்கமான அறிவுரையுடன் விடப்பட்டவர்களில் 55 விழுக்காட்டினருக்கு நீரிழிவு வந்தது. உணவையும் உடலுழைப்பையும் மாற்றிக்கொள்ளத் தொடர்ந்து ஊக்கமளிக்கப்பட்டவர்களிடையே அது 39.3 விழுக்காடாக இருந்தது. நீரிழிவுக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் மாத்திரையை எடுத்துக்கொண்டவர்களுக்குக் கிடைத்த பயனும் ஏறக்குறைய இதே அளவுதான். சோறும் குழம்பும் சாப்பிட்டு வளர்ந்த மக்களிடையே செய்யப்பட்டது என்பதால், மேல்நாட்டு ஆய்வுகளைவிட இதையே நான் அதிகம் நம்புகிறேன். ஆனாலும் அந்த 39.3 விழுக்காட்டை மறந்துவிடக் கூடாது. முயன்றவர்களிலும் பலருக்கு நோய் வந்திருக்கிறது. அதனால் மறுபரிசோதனையைத் தள்ளிப் போடாதீர்கள்.

மாற்றத்தைத் தே தாரிக்கிலிருந்து தொடங்குங்கள். கடையில் ஒரு கிளாஸுக்கு இரண்டு மேசைக்கரண்டி இனிப்பு டின் பால் ஊற்றுவதாக வைத்துக்கொண்டால், அதிலேயே சுமார் 20 கிராம் சீனி, அதாவது நான்கைந்து தேக்கரண்டி, சேர்ந்துவிடுகிறது. கடைக்காரர் உங்கள் கண்முன்னே தனியாகச் சீனி போடுவதில்லை என்பதால் இது நம் கணக்கில் வருவதே இல்லை. உணவில் கூடுதலாகச் சேரும் சீனி ஒரு நாளைக்கு 50 கிராமைத் தாண்டக் கூடாது, முடிந்தால் 25 கிராமுக்குள் நிற்பது நல்லது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. வேலைக்குப் போகுமுன் ஒன்று, இடைவேளையில் ஒன்று, திரும்பும்போது ஒன்று என்று மூன்று கிளாஸ் குடித்தால், ஒரு துண்டு பலகாரம்கூடச் சாப்பிடாமலேயே அந்த எல்லையைக் கடந்துவிடுவீர்கள். 2019 ஜூலையிலிருந்து நம் அரசாங்கம் இனிப்புப் பானங்களுக்கு வரி விதித்து வருகிறது. ஆனால் அந்த வரி போத்தலிலும் டின்னிலும் அடைத்து வரும் பானங்களுக்கானது. மாமாக் கடையில் ஆற்றித் தரும் தேநீரை அது தொடுவதில்லை.

ஒரே நாளில் நிறுத்தச் சொன்னால் நடக்காது என்பது எனக்குத் தெரியும். முதல் இரண்டு வாரம் “குராங் மானிஸ்” என்று கேளுங்கள். அடுத்து “தே சி கோசோங்”குக்கு மாறுங்கள். அதில் ஊற்றுவது இனிப்பில்லாத டின் பால். நாக்கு பழகிய பிறகு “தே ஓ கோசோங்” தானாக வரும். குலா மெலாக்காவும் கருப்பட்டியும் பனஞ்சீனியும் தேனும் இந்தக் கணக்கில் விலக்குப் பெறாது. அவற்றின் மணமும் சுவையும் வேறுதான். உடலுக்குள் போய்விட்டால் அவையும் சர்க்கரைதான். பினாங்கில் வயிற்றுக்கு நல்லது என்று வாங்கிக் குடிக்கும் ஜாதிக்காய் நீரையும் இந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் பாகு சேர்த்துத்தான் அதை விற்கிறார்கள்.

சோற்றை விட வேண்டாம், அளவை மாற்றினால் போதும். “சுக்கு சுக்கு செப்பாரு” என்று கிளினிக் சுவரில் ஒட்டியிருக்கும் தட்டுப் படத்தைப் பார்த்திருப்பீர்கள்: கால் தட்டு சோறு, கால் தட்டு மீன், கோழி, முட்டை, தவ்வு போன்றவை, அரைத் தட்டு காய்கறியும் பழமும். நம் வீடுகளில் இந்தக் கணக்கு தவறும் இடம் ஒன்று உண்டு. உருளைக்கிழங்குப் பிரட்டலைக் காய்கறி என்று எண்ணிச் சோற்றுக்குப் பக்கத்தில் குவித்துவிடுகிறோம். உருளை, சேம்பு, மரவள்ளி ஆகிய கிழங்குகள் எல்லாம் சோற்றின் பங்கில்தான் சேரும்; அவற்றை வைத்தால் அந்த அளவுக்குச் சோறு குறைய வேண்டும். அரைத் தட்டை நிரப்பக் கங்கோங், முளைக்கீரை, வெண்டைக்காய், கத்தரிக்காய், பயற்றங்காய், முட்டைக்கோஸ் என்று இங்குள்ள சந்தையில் மலிவாகக் கிடைப்பவையே போதும். மலாய்க்காரர்கள் ஊலாம் என்று பச்சையாகச் சாப்பிடும் வல்லாரையும் சிறகவரையும் நம் இலைக்கும் பொருந்தும்.

நாசி கண்டார் சாப்பிட ஆசை வந்தால் சாப்பிடுங்கள், ஆனால் சோற்றைப் பாதியாகக் கேளுங்கள். நான்கு குழம்புகளைப் “பஞ்சிர்” என்று ஊற்றச் சொல்லாமல் ஒன்றை மட்டும் தனிக் கிண்ணத்தில் வாங்கி, வெண்டைக்காயை இரண்டு பங்காக வைக்கச் சொல்லுங்கள். முதலில் காயும் மீனும், பிறகு சோறு என்ற வரிசையில் சாப்பிட்டால், அதே உணவுக்குச் சர்க்கரை ஏறும் வேகம் குறைகிறது. இதற்குக் கூடுதல் செலவு ஒரு காசும் இல்லை. பச்சரிசிக்குப் பதில் புழுங்கலரிசி ஓரளவு நல்லது. கேழ்வரகைப் பற்றி இப்போது பெரிதாகப் பேசுகிறார்கள்; நல்ல தானியம்தான், ஆனால் நைசாக அரைத்த மாவில் காய்ச்சிய கஞ்சி விரைவாகச் செரித்து, சோற்றைப் போலவே சர்க்கரையை ஏற்றிவிடும். பழத்தைச் சாறாக்காமல் கடித்துச் சாப்பிடுங்கள். கொய்யா மிகவும் நல்லது. பாலிக் பூலாவ் டுரியான் காலம் வந்தால் இரண்டு சுளையோடு நிறுத்திக்கொண்டு, அந்த வேளையின் சோற்றைக் குறைத்துவிடுங்கள்.

உங்கள் நிலையில் நான் அதிகம் கவலைப்படுவது இரவு வேலையைப் பற்றித்தான். நம் உடலுக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. இரவில் கணையம் பகலைப் போல இன்சுலினைச் சுரப்பதில்லை; அதனால் மதியம் ஒரு மணிக்குச் சாப்பிடும் அதே மீ கோரேங், பின்னிரவு ஒரு மணிக்குச் சாப்பிட்டால் சர்க்கரையை இன்னும் மேலே ஏற்றி, இறங்கவும் அதிக நேரம் எடுத்துக்கொள்ளும். வேலையை மாற்றச் சொல்ல எனக்கு உரிமையில்லை. சாப்பாட்டு நேரத்தை மாற்றலாம். வீட்டிலிருந்து கிளம்புவதற்கு முன் மாலை ஐந்தரை, ஆறு மணிக்குள் அன்றைய பெரிய சாப்பாட்டை, அதாவது சோறும் மீனும் கீரையும் கொண்ட முழுத் தட்டை, சாப்பிட்டுவிடுங்கள். நடுநிசி இடைவேளைக்குக் கேன்டீன் வரிசையில் நிற்காமல் ஒரு டப்பாவில் கொண்டைக்கடலைச் சுண்டலோ பாசிப்பயறுச் சுண்டலோ, அவித்த முட்டை ஒன்று, வெள்ளரித் துண்டுகள் எடுத்துச் செல்லுங்கள். பசி அடங்கும், தூக்கமும் அவ்வளவாக அழுத்தாது.

காலை ஏழரை மணிக்குத்தான் உண்மையான சோதனை. களைப்போடு கடையில் உட்கார்ந்து, ஒவ்வொன்றும் சுமார் 300 கலோரி கொண்ட ரொட்டி சானாய் இரண்டும் ஒரு தே தாரிக்கும் பசியாறிவிட்டு நேராகப் படுக்கைக்குப் போவது, மாவையும் எண்ணெயையும் சீனியையும் உடல் ஓய்வெடுக்கும் நேரத்தில் ஏற்றிவிடுவதாகும். அந்த இடத்தில் ஒரு தோசை, சாம்பார், ஒரு முட்டை, சீனி இல்லாத தேநீர் போதும். காபி, தேநீர் எதுவானாலும் தூக்கத்தைக் கெடுக்கிறது என்றால் பின்னிரவு இரண்டு மணிக்கு மேல் வேண்டாம்; அந்தக் காலைத் தேநீரையும் விட்டுவிடுங்கள். சன்னலுக்குக் கனத்த திரை போட்டு ஏழு மணி நேரமாவது தூங்க முயலுங்கள். தூக்கக் குறைவும் இன்சுலினின் வேலையைக் கெடுக்கும்.

இனி அம்மா சொன்னவற்றுக்கு வருகிறேன். பாகற்காய்க்குச் சர்க்கரையைக் குறைக்கும் தன்மை இருக்கலாம் என்று பல சிறு ஆய்வுகள் சொல்லியுள்ளன. ஆனால் அவற்றையெல்லாம் சலித்துப் பார்த்து 2012-இல் வெளியான, கொக்ரேன் என்ற பன்னாட்டு ஆய்வாளர் அமைப்பின் மதிப்பாய்வு, போதுமான சான்று இல்லை என்றே முடித்தது. பாகற்காய்ப் பொரியலை வாரத்தில் மூன்று நாள் தட்டில் வையுங்கள், நல்ல காய்கறி. தினமும் வெறும் வயிற்றில் சாறாகக் குடிக்க வேண்டிய அவசியம் இல்லை. கருவுற்றிருப்பவர்கள் அந்தச் சாற்றைத் தவிர்க்க வேண்டும். வெந்தயத்தின் கதை கொஞ்சம் வேறு. அதிலுள்ள கரையும் நார்ச்சத்து வழவழப்பாகி, குடலில் சர்க்கரை உறிஞ்சப்படுவதைத் தாமதப்படுத்துகிறது. அந்த நார்ச்சத்தின் பெரும்பகுதி விதையில் இருக்கிறது. விதையை வடிகட்டி எறிந்துவிட்டுத் தண்ணீரை மட்டும் குடித்தால் கிடைப்பது பெரும்பாலும் கசப்புதான். ஒரு தேக்கரண்டி வெந்தயத்தை இரவில் ஊறவைத்து மென்று சாப்பிடுங்கள், அல்லது தோசை மாவில் சேர்த்து அரையுங்கள். வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தினமும் சாப்பிட வேண்டாம்.

கீரை, மூலிகை என்றாலே தீங்கு செய்யாது என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. இங்கே சாயூர் மானிஸ் என்று விற்கும் தவசிக்கீரையை முட்டையோடு வதக்கிச் சாப்பிட்டு வருகிறோம், தொல்லை இல்லை. 1990-களின் நடுவில் தைவானில் உடல் இளைக்க வேண்டும் என்று அதே கீரையைப் பச்சையாக அரைத்து வாரக்கணக்கில் சாறு குடித்தவர்களில் பலருக்கு நுரையீரலின் நுண்குழாய்கள் அடைபட்டு, சிலருக்கு நுரையீரல் மாற்று அறுவைச் சிகிச்சைவரை போனது. தழை ஒன்றே, அளவும் சாப்பிட்ட முறையும் வேறு.

அந்த மூலிகை மாத்திரையை இப்போதைக்குத் தொடாதீர்கள். மலேசியாவில் விற்கப்படும் பாரம்பரிய மருந்துகள் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். பெட்டியில் “மால்” (MAL) என்று தொடங்கி எட்டு எண்களும் இறுதியில் “டி” (T) எழுத்தும் கொண்ட பதிவு எண் இருக்கும். அதை தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமையின் இணையதளத்தில் தட்டிப் பார்த்தால், பெட்டியில் உள்ள பெயரும் தயாரிப்பாளரும் ஒத்துப்போகிறதா என்று தெரிந்துவிடும். எண் இல்லாமல், அல்லது பொய் எண்ணோடு விற்கப்படும் இப்படிப்பட்ட மாத்திரைகளில் கிளிபென்கிளமைடு போன்ற நீரிழிவு மருந்துகளும் டெக்ஸாமெதாசோன் என்ற ஸ்டீராய்டும் கலந்திருந்தது பலமுறை கண்டுபிடிக்கப்பட்டுள்ளது. முதலாவது திடீரென்று சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கும். இரண்டாவது உடம்புவலியைப் போக்கித் தெம்பு வந்ததைப் போலக் காட்டிக்கொண்டே சர்க்கரையை ஏற்றிவிடும்.

நடைக்கு வருவோம். வாரத்திற்கு 150 நிமிடம் என்பது பொதுவான இலக்கு. சாப்பிட்ட பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் நடப்பதில் தொடங்கினால் எளிது. மாலைச் சாப்பாட்டுக்குப் பின் தொழிற்சாலை பேருந்துக்கு ஒரு நிறுத்தம் தள்ளி ஏறலாம். விடுமுறை நாளில் தண்ணீர்மலை முருகனைப் பார்க்கப் படியேறுங்கள். தைப்பூசத்துக்கு மட்டும் ஏறினால் கணக்கில் சேராது. உங்கள் உயரத்துக்கு எடை கூடுதல். இப்போதைய எடையில் ஐந்து கிலோ குறைத்தாலே பலன் தெரியும். அதற்கு மேல் இப்போது இலக்கு வைக்க வேண்டாம். இடுப்புச் சுற்றளவையும் அளந்து குறித்துவையுங்கள். நம் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது.

ஆறு மாதம் ஆனதும் தவறாமல் கிளினிக்குக்குப் போய், உணவியல் நிபுணரிடம் அனுப்பும்படி கேளுங்கள். அதற்கு முன்பே அடிக்கடி சிறுநீர், தீராத தாகம், காரணமில்லாமல் எடை குறைதல், மங்கலான பார்வை ஆகியவற்றில் எது தோன்றினாலும் காத்திருக்க வேண்டாம். ஆறு மாதப் பரிசோதனையில் எச்பிஏ1சி 6.3 அல்லது அதற்கு மேல் வந்து மருத்துவர் மெட்ஃபார்மின் எழுதிக் கொடுத்தால், இயற்கைக்கு மாறானது என்று ஒதுக்கிவிடாதீர்கள். கேலேகா என்ற ஐரோப்பிய மூலிகையில் இருந்த பொருளை ஆராயப் போய்க் கிடைத்த மருந்து அது. மாத்திரை தொடங்கினாலும் மேலே சொன்ன சாப்பாடும் நடையும் அப்படியே தொடர வேண்டும். வெந்தயம், கசாயம், லேகியம் என்று அப்போது நீங்கள் எடுத்துக்கொண்டிருக்கும் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள்.