சோலார், காற்றாலை இணைந்த அமைப்பில் பேட்டரியின் இருப்பைக் கணிப்பது எப்படி?

கேள்வி: கோழிக்கொட்டகை விசிறிகளைச் சோலார் தகடுகள், சிறு காற்றாலை, 48 வோல்ட் 200 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரித் தொகுப்பு ஆகியவற்றைக் கொண்டு இயக்குகிறேன். மாலையில் மீட்டர் முழு இருப்பைக் காட்டினாலும் விடியுமுன் இன்வெர்ட்டர் நின்றுவிடுகிறது. பேட்டரியை மாற்ற வேண்டுமா?

பதில்: அவசரப்பட்டு மாற்றாதீர்கள். நீங்கள் கூறுவதைப் பார்த்தால், உங்கள் மீட்டர் வோல்ட்டை மட்டும் வைத்தே இருப்பைக் கணிக்கிறது என்று தோன்றுகிறது. மின்னேற்றம் நடக்கும்போது வோல்ட் உண்மைக்கு மேலாகவும், விசிறிகள் ஓடும்போது உண்மைக்குக் கீழாகவும் காட்டும். சில மணி நேரம் ஏற்றமும் இறக்கமும் இல்லாமல் ஓய்ந்திருக்கும் 48 வோல்ட் தொகுப்பில் ஏறத்தாழ 50.8 வோல்ட் இருந்தால் முழு இருப்பு, 48.8 இருந்தால் பாதி இருப்பு. ஆனால் பகலில் வெயிலும் இரவில் காற்றும் மாறி மாறி ஏற்றும் உங்கள் அமைப்பில் பேட்டரி ஓய்வது அரிது என்பதால், இந்தக் கணக்கு அன்றாடம் கைகொடுக்காது.

உள்ளே வரும், வெளியே போகும் மின்னோட்டத்தைக் கூட்டிக் கழிக்கும் ஷன்ட் வகை மீட்டரே இதற்கு ஏற்றது. அதன் ஷன்ட்டை, அதாவது மின்னோட்டத்தை அளக்க உதவும் சிறு மின்தடையை, பேட்டரியின் எதிர்முனை (நெகட்டிவ்) கம்பியில் பொருத்தி, சோலார், காற்றாலை, இன்வெர்ட்டர் ஆகிய மூன்றின் எதிர்முனை இணைப்புகளும் அதன் வழியாகவே செல்லுமாறு அமைக்க வேண்டும். காற்றாலையின் கம்பி மட்டும் நேரே பேட்டரிக்குப் போனாலும் கணக்கு முழுவதும் தவறிவிடும். லெட் ஆசிட் பேட்டரி உள்ளே வாங்கும் ஆம்பியர்-மணி அனைத்தையும் திருப்பித் தராது என்பதால், மீட்டரில் ஏற்றத்திறனை 85 சதவீத அளவில் வைத்துத் தொடங்கலாம். சிறு பிழைகள் நாள்தோறும் சேரும். எனவே வோல்ட் உச்சத்தில் நிலைத்து, மின்னோட்டம் கொள்ளளவில் 1 முதல் 2 சதவீதமாக, அதாவது 2 முதல் 4 ஆம்பியராகக் குறையும் வரை அவ்வப்போது முழுமையாக ஏற்றி, அந்த நிலையை 100 சதவீதமாக மீட்டருக்கு உணர்த்த வேண்டும். மூடி திறக்கும் வகைப் பேட்டரியானால், ஹைட்ரோமீட்டரால் ஒவ்வொரு செல்லின் அமில அடர்த்தியையும் ஒப்பிட்டுப் பார்ப்பது இதைவிடவும் நம்பகமான சான்று. தண்ணீர் ஊற்றிய உடனே மட்டும் அளக்கக் கூடாது.

இனி இரவுத் தேவையைப் பாருங்கள். விசிறிகள் 400 வாட் எடுத்தால், இன்வெர்ட்டர் இழப்பையும் சேர்த்து ஏறத்தாழ 9 ஆம்பியர் செலவாகும். பத்து மணி நேரத்தில் 90 ஆம்பியர்-மணி. பேட்டரியின் ஆயுளைக் கருதிப் பாதிக்குக் கீழே இறக்காமல் இருந்தால் உங்களுக்குக் கிடைப்பது 100 மட்டுமே. ஆகவே தண்ணீர் மோட்டார், தீவனம் அரைக்கும் எந்திரம் போன்றவற்றைப் பகலில், இருப்பு 80 சதவீதத்தைத் தாண்டிய பின்னரே ஓட்டுங்கள். இருப்பு 60 சதவீதத்தை நெருங்கும்போது விசிறி தவிர மற்றவை தாமாக நிற்கும்படி ரிலே (தானியங்கி சுவிட்ச்) அமைப்பது மிக நல்லது. வெப்பக் காலத்தில் விசிறி நின்றால் கோழிகள் கூட்டமாக மடியக்கூடும் என்பதால், எந்த மீட்டரை வைத்திருந்தாலும் மின்தடை எச்சரிக்கை மணி கட்டாயம் இருக்கட்டும்.

முழுமையாக ஏற்றிய பின்னரும் 100 ஆம்பியர்-மணி எடுப்பதற்கு வெகுமுன்பே வோல்ட் சரிந்தால், முதலில் இணைப்புகளையும் பலவீனமான தனிப் பேட்டரியையும் சோதியுங்கள். அவை சரியாக இருந்தும் சரிவு தொடர்ந்தால் மட்டுமே தொகுப்பை மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம்.