‘கைத்தறி’ என்ற சீட்டை மட்டும் நம்பி வாங்கலாமா?

கேள்வி: சூழலுக்குக் கேடு செய்யாத உடைகளையே இனி வாங்குவதென்று வீட்டில் முடிவெடுத்துள்ளோம். கொழும்பு, காலி வீதிக் கடையொன்றில் ‘கைத்தறி, சூழல்நேயம்’ என்ற சீட்டுடன் இருந்த பருத்திச் சேலையை வாங்கினேன். முதல் முறை தோய்த்தபோதே சிவப்புக் கரையின் சாயம் சேலை முழுவதும் ஊறிவிட்டது. உண்மையான கைத்தறியை எவ்வாறு அறிவது? கடைக்காரர் பொறுப்பேற்க மறுத்தால் யாரிடம் முறையிடுவது?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: சாயம் கழன்றதை வைத்து அது கைத்தறி அல்ல என்று முடிவுகட்ட இயலாது. சாயமிட்ட நூலைப் போதிய அளவு அலசாமல் பாவோட்டினால் (தறிக்கு நீளவாட்டு நூலாக அமைத்தால்), எந்தத் தறியில் நெய்த துணியும் சாயம் விடும். ஆகவே அடர்ந்த நிறச் சேலை வாங்கும்போது, கடைக்காரரின் அனுமதியுடன், நனைத்துப் பிழிந்த வெள்ளைக் கைக்குட்டையால் கரையின் உட்புறத்தைச் சற்று அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். கைக்குட்டையில் நிறம் ஏறினால் அந்தச் சேலையைத் தவிர்ப்பதே நல்லது.

கைத்தறியா என்பதை அறியச் சேலையின் ஓரத்தைப் பார்க்க வேண்டும். கைத்தறியில் ஊடுநூலை, அதாவது குறுக்கு நூலைச் சுமந்த நாடா இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் சென்று திரும்புவதால், ஓரத்தில் நூல் அறுபடாமல் மடிந்து வரும். நீளவாட்டு ஓரம் நெடுகிலும் வெட்டிய நூல் நுனிகள் குஞ்சம்போல நின்றால், அது நாடா இல்லாத விசைத்தறியில் நெய்யப்பட்டது. நாடாவுள்ள விசைத்தறிகளும் இருப்பதால், மடிந்த ஓரம் மட்டும் போதிய சான்றாகாது. நெய்யும்போது துணியின் அகலம் சுருங்காதிருக்க, இரு முனையிலும் முள் வைத்த கோலொன்றைப் பூட்டுவார்கள். நெசவாளர் சில அங்குலத்துக்கு ஒருமுறை அதைக் கழற்றி முன்னகர்த்துவதால், ஓரத்தை ஒட்டி இடைவெளி விட்டு விட்டுச் சிறு துளைகள் தெரியும். இடைவிடாமல் ஒரே வரிசையாக ஓடும் துளைகள் விசைத்தறியின் அடையாளம். கைத்தறியின் துளைகளைச் சேதமென்று எண்ணி நல்ல சேலையைத் திருப்பிக் கொடுப்போர் இருப்பது எனக்கு வருத்தமளிக்கிறது.

‘சூழல்நேயம்’ என்ற சொல்லையும் கேள்வி கேட்காமல் ஏற்க வேண்டாம். தறியை இயக்க மின்சாரம் தேவையில்லை என்பது உண்மை. ஆனால் இலங்கைக் கைத்தறிக்கான பருத்தி நூலும் சாயமும் பெரும்பாலும் இறக்குமதியாகின்றன. சாயக் கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் வெளியேற்றினால் தறியில் கிடைத்த நன்மை வாய்க்காலிலே போய்விடும். எந்த ஊரில் நெய்தது, சாயமிடுவது யார், கழிவுநீர் எங்கே போகிறது என்று கேளுங்கள். கிழக்கிலங்கையின் நெசவூரான மருதமுனையின் சாறமும் சேலையும் விற்பவர் பெரும்பாலும் தறிக்காரரின் ஊரையும் பெயரையும் சொல்லிவிடுவார். அப்படிச் சொல்லக்கூடியவரிடம் வாங்குவதையே நான் விரும்புவேன், விலை சற்றுக் கூடினாலும். அரச நிறுவனமான லக்சலவிலும், பார்பரா சன்சோனி தொடங்கிய கொள்ளுப்பிட்டி ‘பெயார்பூட்’ கடையிலும், 1991 இல் குருநாகலில் தொடங்கிய ‘செலின்’ கைத்தறி நிறுவனத்திலும் உள்நாட்டுக் கைத்தறியைப் பார்க்கலாம். இந்தியச் சேலையாயின், அந்நாட்டு அரசு 2006 இல் அறிமுகப்படுத்திய கைத்தறி முத்திரை உள்ளதா என்று பாருங்கள்.

இனி உங்கள் சேலை. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, கேட்டால் பற்றுச்சீட்டு வழங்க வணிகர் கடமைப்பட்டவர். பொருளின் வகை, தரம் குறித்துப் பொய்யாகக் கூறுவதும் குற்றமாகும். பற்றுச்சீட்டையும் சேலையுடன் இருந்த ‘கைத்தறி, சூழல்நேயம்’ சீட்டையும் எடுத்துக்கொண்டு முதலில் கடைக்குச் செல்லுங்கள். அவர்கள் மறுத்தால், வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிட வேண்டும்; விவரம் அறிய 1977 என்ற இலக்கத்தை அழைக்கலாம். அதுவரை சேலையை மறுபடி தோய்க்காமல், சாயம் ஊறிய நிலையிலேயே வைத்திருங்கள்.