நீண்ட வேலை என்றால் ‘வாஸ் ஒர்க்கிங்’கா?

கேள்வி: நேர்முகத் தேர்வில் “ஐ வாஸ் ஒர்க்கிங் தேர் ஃபார் டென் இயர்ஸ்” என்றேன். “ஐ ஒர்க்டு” என்றுதான் சொல்ல வேண்டும் என்கிறார் நண்பர். பத்து ஆண்டுகள் இடைவிடாமல் பார்த்த வேலைக்கு பாஸ்ட் கன்டினியூவஸ்தானே பொருந்தும்?

பதில்: நண்பர் பக்கம்தான் நியாயம். ஒரு செயல் எவ்வளவு காலம் நீடித்தது என்பதை வைத்து இதை முடிவு செய்வதில்லை. தொடங்கி முடிந்த ஒன்றை முழுதாகச் சொன்னால் சிம்பிள் பாஸ்ட். ஒரு குறிப்பிட்ட நேரத்தில் அது பாதியில் இருந்தது என்றால் பாஸ்ட் கன்டினியூவஸ். பத்து ஆண்டுகள் என்று அளந்து சொல்லும்போதே அந்தக் காலத்தை மூடிவிட்டீர்கள். எனவே “ஐ ஒர்க்டு”. மூன்று மணி நேரம் மழை பெய்ததற்கும் “இட் ரெயின்டு ஃபார் த்ரீ அவர்ஸ்” போதும். எண்ணிச் சொல்வதற்கும் இதே கதிதான்: “ஐ கால்டு யூ த்ரீ டைம்ஸ்”.

மறுபக்கம், சில நொடி வேலைகூட கன்டினியூவஸில் வரலாம். கதவைப் பூட்டும்போது போன் அடித்தால், “ஐ வாஸ் லாக்கிங் தி டோர் வென் தி போன் ராங்”. அதேபோல், அந்த நிறுவனத்தில் இருந்தபோது திருமணம் நடந்தது என்றால் “ஐ வாஸ் ஒர்க்கிங் தேர் வென் ஐ காட் மேரீட்” மிகச் சரி.

நாம் இங்கே சறுக்குவதற்குத் தமிழும் ஒரு காரணம். ‘வேலை பார்த்துக்கொண்டிருந்தேன்’ என்பதைப் பழைய வழக்கத்துக்கும் சொல்வோம், அந்த நேரத்தில் பாதியில் இருந்த வேலைக்கும் சொல்வோம். வழக்கம் என்றால் ஆங்கிலத்தில் “ஐ யூஸ்டு டு ஒர்க்” அல்லது “ஐ ஒர்க்டு”.

கேள்வி: ‘வென்’ வந்தால் சிம்பிள், ‘வைல்’ வந்தால் கன்டினியூவஸ் என்று மனப்பாடம் செய்திருக்கிறேன். இருந்தும் கோடிட்ட இடங்களில் மதிப்பெண் போகிறது. ஏன்?

பதில்: அந்த விதி பாதிதான் உண்மை. ‘வென்’ ஒரு நேரத்தைக் காட்டும், அவ்வளவே. அந்த நேரத்தில் மற்ற செயல் எந்த நிலையில் இருந்தது என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும். “வென் ஷி கேம், வி ஏட்” என்றால் அவர் வந்த பிறகு சாப்பிட்டோம். “வென் ஷி கேம், வி வேர் ஈட்டிங்” என்றால் அவர் வருவதற்கு முன்பே உட்கார்ந்துவிட்டோம். இலக்கணப்படி இரண்டும் சரி, நடந்த கதை வேறு.

எனவே கோடிட்ட இடத்தில் இரண்டு தமிழ்ச் சொற்களைப் பொருத்திப் பாருங்கள். ‘உடனே’ பொருந்தினால் சிம்பிள் பாஸ்ட். ‘ஏற்கெனவே’ பொருந்தினால் கன்டினியூவஸ். அலாரம் அடித்ததும் எல்லோரும் உடனே ஓடினார்கள்: “எவ்ரிஒன் ரான் அவுட்”. அலாரம் அடித்தபோது ஏற்கெனவே தூக்கத்தில் இருந்தார்கள்: “எவ்ரிஒன் வாஸ் ஸ்லீப்பிங்”. எழுந்தான், குளித்தான், கிளம்பினான் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தால் யோசிக்கவே வேண்டாம், எல்லாம் சிம்பிள்.

‘வைல்’ விஷயத்திலும் அந்த விதி கறாரானதல்ல. “வைல் ஐ குக்டு, ஹி கிளீன்டு தி ரூம்” என்று இரண்டையும் சிம்பிளில் எழுதினாலும் பிழையில்லை. தேர்வுத்தாள் பெரும்பாலும் கன்டினியூவஸை எதிர்பார்க்கும் என்பது வேறு விஷயம்.

கேள்வி: “ஐ வாஸ் ஹேவிங் லன்ச்” சரி, “ஐ வாஸ் ஹேவிங் எ கார்” தவறு. இது என்ன கணக்கு?

பதில்: முதலாவது, சாப்பிடும் செயல். இரண்டாவது, கார் உங்களிடம் இருந்த நிலை. நிலையைப் பாதியில் பிடிக்க முடியாது என்பதால் “ஐ ஹேட் எ கார்”. நோ, பிலீவ், வான்ட், நீட், பிலாங், ஓன் ஆகியவையும் இந்த வகை; “ஐ வாஸ் நோயிங் ஹிம்” வேண்டாம், “ஐ நியூ ஹிம்” போதும். ‘திங்க்’ இரண்டு பக்கமும் ஆடும். கருத்து என்றால் “ஐ தாட் ஹி வாஸ் ரைட்”. மனதில் அசைபோட்டது என்றால் “ஐ வாஸ் திங்கிங் அபவுட் இட்”.

கேள்வி: “ஐ வாஸ் வென்ட்” என்று சொல்லலாமா?

பதில்: கூடாது. “ஐ வென்ட்” அல்லது “ஐ வாஸ் கோயிங்”. கேள்வியிலும் கலக்காதீர்கள்: “டிட் யூ கோ?”, “வேர் யூ கோயிங்?”. ‘டிட் யூ கோயிங்’ கிடையாது.

கேள்வி: அலுவலக மின்னஞ்சலில் இந்த வேறுபாட்டை யாராவது கவனிப்பார்களா?

பதில்: நிச்சயம் கவனிப்பார்கள். “ஐ ரோட் தி ரிப்போர்ட் எஸ்டர்டே” என்றால் அறிக்கை தயார், உடனே கேட்பார்கள். “ஐ வாஸ் ரைட்டிங் தி ரிப்போர்ட் எஸ்டர்டே” என்றால் நேற்று அதில் கைவைத்தீர்கள். முடிந்ததா என்று அந்த வாக்கியம் சொல்லவில்லை. விபத்து அறிக்கை என்றால் இன்னும் எச்சரிக்கை தேவை. “ஹி வாஸ் ட்ரௌனிங்” என்றால் மூழ்கிக்கொண்டிருந்தார், காப்பாற்றியிருக்கலாம். “ஹி ட்ரௌண்டு” என்றால் இறந்துவிட்டார்.